நூற்றுப்பதினேழாம் எண் மூலைக்கல்

எங்கள் தாலூகாவில் மனிதனுக்கு இல்லாத மரியாதை கல்லுக்கு உண்டு. மனிதன் கோணலாக நின்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. சர்வே கல் கோணலாக நின்றால் ஜீப்பில் ஆள் வருவான். குனிந்து பார்ப்பான், சுற்றிவந்து போட்டோ எடுப்பான், பிறகு பக்கத்து நிலத்துக்காரனைக் கூப்பிட்டு, "கல்ல என்னய்யா பண்ணின?" என்று கேட்பான். அந்தப் பக்கத்து நிலத்துக்காரன் பெரும்பாலும் நான்தான். என் பெயர் சித்தராமப்பா. எனக்கு மேற்கே இருப்பது ராச்சண்ணாவின் நிலம். நடுவில் ஒரு வரப்பு. எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் துவரைக்குள் இறங்கித்தான் வழிவிட வேண்டும். ஒரு நாள் அவன் இறங்குவான், ஒரு நாள் நான் இறங்குவேன். இதில் சர்க்காருக்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

ராச்சண்ணாவுக்கும் நிங்கம்மாவுக்கும் வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் கங்கி. எள்ளு அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டில் சாப்பிடுவதில்லை. வண்டி கட்டிக்கொண்டு வயலுக்குப் போய், நிலத்துக்கு முதலில் படைத்துவிட்டு அப்புறம்தான் நாங்கள் உட்காருவது. கங்கிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பூஜைக்கு முன்பே கடபு என்கிற கம்பு மாவுக் கொழுக்கட்டை இரண்டைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு நிலத்தின் வடகிழக்கு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

"பூமித்தாய் திங்கறதுக்கு முன்னாடி நீ திங்கலாமாடி?" என்று நிங்கம்மா கத்துவாள்.

"அவளுக்கும் ஒண்ணு குடுத்துட்டேன்" என்று அங்கிருந்தே பதில் வரும். போய்ப் பார்த்தால் பாதிக் கடபைப் பிட்டு மண்ணில் புதைத்திருப்பாள்.

ஏழு வயதில், மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்றில் போய்விட்டாள். ஓடை ரோட்டுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு வண்டி போகவில்லை. எங்களில் எரிப்பது இல்லை. நெற்றி நிறைய விபூதி இட்டு, உட்கார வைத்தபடியே சொந்த நிலத்தில் புதைப்பது வழக்கம். அவள் உட்கார்ந்து கடபு தின்ற மூலையிலேயே அவளை உட்கார வைத்தோம். ராச்சண்ணா ஒரு ஷாபாத் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மேலே நட்டான். பேர் எதுவும் வெட்டவில்லை. "யாருக்குத் தெரியணும், எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாப் போதாதா?" என்றான். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சர்வே கல்லுக்கும் எள்ளு அமாவாசையன்று விபூதி பூசிப் பூ வைப்போம். நிலத்துக்குக் காவல் நிற்கிற கல் அல்லவா, அதை வெறும் நெற்றியோடு விட மனசு வராது. ஆகையால் வயல் மூலையில் விபூதி பூசி நிற்கும் கல்லெல்லாம் சர்வே கல்தான் என்பது சர்வேயர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. ராச்சண்ணாவின் வடகிழக்கு மூலையில் என் அப்பா காலத்தில் நிஜமாகவே ஒரு சர்வே கல் இருந்ததாம். அது எந்த டிராக்டரின் கலப்பையில் போனதோ தெரியாது. கங்கி போய் ஆறு வருஷம் கழித்து, நிலங்களையெல்லாம் புதிதாக அளக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்று கால் மிஷினைத் தூக்கிக்கொண்டு சர்வேயர் ஈரணகௌடா வந்தார். கல்லைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"காணாமப் போன மூலைக்கல் கிடைச்சிருச்சு! மஞ்சப் பெயிண்ட கொண்டாங்கப்பா" என்றார்.

ராச்சண்ணா ஓடிவந்தான். "சாகேப், அது சர்வே கல்லு இல்ல. அது என் பொண்ணு."

ஈரணகௌடா அன்பாகச் சிரித்தார். "விவசாயின்னா அப்படித்தான் இருக்கணும். போன வாரம் ஒருத்தர் தன் கிணத்தையே அம்மான்னு சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"நெசமாவே பொண்ணு சாகேப். கீழ உட்கார்ந்திருக்கா."

தூரிகை நின்றது. அதற்குள் கல் முழுவதும் மஞ்சளாகி, அதன்மேல் கறுப்பில் இரண்டு ஒன்றுகள் எழுதியாகிவிட்டிருந்தன. ஈரணகௌடா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். மனுஷர் கெட்டவர் இல்லை.

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"வந்ததுலேர்ந்து அதைத்தானே சொல்றேன்."

"எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொன்னா அது தகவல். ஆரம்பிச்ச பிறகு சொன்னா ஆட்சேபணை. ஆட்சேபணைக்கு வேற ஆபீசர். நான் கேட்டுக்கிறது தப்பு." இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு காரியத்தைப் பாதியில் விட்டுப்போகக் கூடாதே என்று மிச்சமிருந்த ஏழு என்ற இலக்கத்தையும் எழுதி முடித்தார். நூற்றுப்பதினேழு.

மத்தியானச் சாப்பாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த நிங்கம்மா கூடையை இறக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே மஞ்சளைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே போட்டுவிட்டு வந்து சேலைத் தலைப்பால் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். பெயிண்ட் போகவில்லை. சர்க்கார் சாமான்களில் அது ஒன்றுதான் தரமானதாக இருந்தது.

அந்த வருஷத்து எள்ளு அமாவாசைக்கு அவர்கள் எப்போதும்போலக் கல்லைக் கழுவி, விபூதி பூசி, பூவும் கடபும் வைத்தார்கள். தை பிறந்ததும் நோட்டீஸ் வந்தது. இருவருக்கும் படிக்கத் தெரியாததால் நான்தான் படித்துச் சொன்னேன். நூற்றுப்பதினேழாம் எண் மூலைக்கல்லின் எண்ணைச் சாம்பலாலும் பூவாலும் மறைத்தது ஒரு குற்றம். அதன்மேல் உணவுப் பண்டம் வைத்து எறும்பு, காகம் முதலானவற்றை வரவழைத்தது இன்னொரு குற்றம். விளக்கம் சொல்ல நேரில் வரவும்.

"என் பொண்ணுக்கு நான் சோறு வெக்கிறது குத்தமாண்ணா?" என்று நிங்கம்மா என்னைக் கேட்டாள். நான் நோட்டீசை மடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

மூன்று பேருமாகத் தாலூகா சர்வே ஆபீசுக்குப் போனோம். ஆட்சேபணை கேட்கும் அதிகாரியின் பெயர் ஜயதீர்த்தர். அவர் மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு குட்டி எல்லைக்கல் இருந்தது. அதற்கும் ஓர் எண் இருந்தது. ராச்சண்ணா கும்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். ஜயதீர்த்தர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"உட்காருங்க. எல்லைக்கல்லுன்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ஜனங்க என்ன நினைக்கிறாங்க? நிலம் இருக்கு, அதுக்கு மூலை இருக்கு, மூலையில கல்லு இருக்குன்னு. தப்பு. முதல்ல கல்லு. கல்லு இருக்கிற இடம்தான் மூலை. மூலைக்கு நடுவுல மிச்சம் கிடக்கிறதுதான் நிலம். அதுல நீங்க ஏதோ விதைக்கிறீங்க, நாங்க ஆட்சேபிக்கல."

"சரிங்க சாகேப். ஆனா அந்தக் கல்லு..."

"கல்லுன்னு சொல்லாதீங்க. நூத்திப்பதினேழு. பொண்ணு செத்ததுக்கு சர்ட்டிபிகேட் இருக்கா?"

இருந்தது. நிங்கம்மா அதைத் துணிமேல் துணியாகச் சுற்றி வைத்திருந்தாள். ஜயதீர்த்தர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"செத்தது உண்மை. அதை நாங்க மறுக்கல" என்றார். "ஆனா இப்ப எங்க இருக்கான்னு இதுல எழுதலையே?"

ராச்சண்ணா என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். ஜயதீர்த்தருக்கும் எங்கள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். மணியடித்து ஈரணகௌடாவைக் கூப்பிட்டார்.

"இதுக்கு நம்ம பழைய சட்டத்துலயே வழி இருக்கு இல்லையா?"

"இருக்கு சார்" என்ற ஈரணகௌடா எங்கள் பக்கம் திரும்பினார். "அந்தக் காலத்துல சர்வே கல்லு நடும்போது அடியில கரித்துண்டும் உடைஞ்ச ஓடும் போட்டுத்தான் நடுவாங்க. அதுக்கு சாட்சின்னு பேரு. எவனாவது ராத்திரியோட ராத்திரியா கல்ல நகத்தினாலும் கரி அங்கேயே கிடக்கும். அதனால, தோண்டிப் பார்த்துட்டா விஷயம் முடிஞ்சது."

"கேட்டீங்களா?" என்று ஜயதீர்த்தர் இரண்டு கையையும் விரித்தார். "கரி இருந்தா எங்க கல்லு. குழந்தை இருந்தா உங்க கல்லு. எங்களுக்குன்னு ஒரு பக்கமும் கிடையாது. எது வந்தாலும் சம்மதம்."

ராச்சண்ணா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். நிங்கம்மாதான் பேசினாள். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. பக்கத்து வீட்டில் சத்தம் போடாதீர்கள் என்று சொல்கிற குரல்.

"வேண்டாம் சாகேப். சின்னப் பொண்ணு. திடுதிப்புன்னு எழுப்பினா பயந்துருவா."

"அம்மா, சாட்சியை விசாரிக்காம எப்படி முடிவு சொல்றது?"

"வேண்டாம்."

"அப்ப ஆட்சேபணையை வாபஸ் வாங்கறீங்கன்னு அர்த்தம்." ஜயதீர்த்தர் பேனாவைத் திறந்தார். "சாட்சியைக் காட்ட மறுத்துட்டாங்கன்னு எழுதிக்கோங்க ஈரணகௌடா. கருணையோட எழுதுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில், எங்கள் ஊர் திருப்பத்தில் நிங்கம்மா, "கரித்துண்டைத் தேடி என் பொண்ணைத் தோண்டுவாங்களாம்" என்றாள். எனக்கு அன்று ஆபீசையே தோண்டிப் போட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. ராச்சண்ணாவுக்கு ஆத்திரம்கூட வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

ஆனால் சர்க்காரை அவ்வளவு சீக்கிரம் குறை சொல்லிவிடக் கூடாது. அடுத்த மாதமே அது ராச்சண்ணாவுக்கு விருது கொடுத்தது.

எல்லைக்கல் பாதுகாப்பு வாரம் என்று ஒன்று வந்தது. தாலூகா முழுவதும் எந்தக் கல் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று தேடினார்கள். பல கற்களை மாடு சாய்த்திருந்தது. சிலவற்றில் துணி துவைத்தார்கள். ஒன்று ஒரு டீக்கடையில் பெஞ்சுக்குக் காலாக இருந்தது. புல் பூண்டு இல்லாமல், சுற்றிலும் சாணி மெழுகி, நாள் தவறாமல் கழுவித் துடைத்த கல் ஒன்றே ஒன்றுதான். நூற்றுப்பதினேழு. ஆகவே விழாவை எங்கள் வயலிலேயே வைத்தார்கள். கங்கியின் தலைக்கு நேர் மேலே பந்தல் கால் ஊன்ற வந்தவனை ராச்சண்ணா கெஞ்சிக் கூத்தாடித் தள்ளி ஊன்ற வைத்தான். கல்லுக்கு ஜயதீர்த்தரே மாலை போட்டார். "பூ வெக்கிறது குத்தம்னு எழுதியிருந்துச்சே?" என்று நான் ஈரணகௌடாவின் காதைக் கடித்தேன். "இலாகா வெச்சா அது விழா" என்றார் அவர்.

ராச்சண்ணாவுக்குச் சால்வை போர்த்தி, தலையில் ஜரிகைத் தலைப்பாகை வைத்து, முன்வரிசையில் நிங்கம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஜயதீர்த்தர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! ஒரு கல்லை இழக்கிற வலி உங்களுக்குத் தெரியாது. இந்தத் தாலூகாவில நாங்க பார்த்துப் பார்த்து நட்ட கல்லுங்க எத்தனையோ இன்னைக்கு இல்ல. எங்க போச்சு, யார் எடுத்தா, மண்ணுக்குள்ள எங்க கிடக்குதுன்னு தெரியாம நாங்க தவிக்கிறோம். தெற்குப் பக்கத்துக் கிராமத்துல ஒரு சின்னக் கல்லு. இவ்வளவு உயரம்தான் இருக்கும். அது காணாமப் போன அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. என் வீட்டுக்காரி கேட்டா, வேற கல்லு நட்டுக்க வேண்டியதுதானேன்னு. அவகிட்ட நான் சொன்னேன், அடிப்பாவி, வேற கல்லு அந்தக் கல்லு ஆகுமா?"

கூட்டம் கை தட்டியது. ராச்சண்ணாவும் எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினான். நிங்கம்மா தட்டவில்லை. அவள் ஜயதீர்த்தரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் கலங்கியிருந்தது நிஜம். பொய்யாக அழுகிறவனை மன்னித்துவிடலாம். இவர் நிஜமாகவே அழுதார், அதுவும் ஒரு கல்லுக்காக. "பாவம்" என்றாள் நிங்கம்மா. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த விருதுப் பத்திரத்தை அவர்கள் உள்ளே கூரை எறவாணத்தில் செருகி வைத்தார்கள். கல் மஞ்சளாக இருந்தால் என்ன, இருக்கிற இடத்தில் இருக்கிறதே, அது போதும் என்று ராச்சண்ணா மனசைத் தேற்றிக்கொண்டான். எண்ணைத் தொடாமல் கல்லின் பின்பக்கத்தில் ஒரு துளி விபூதி வைக்கப் பழகிக்கொண்டான். அப்படியே விட்டிருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கோடை முடியும் சமயத்தில், விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஜீப் மறுபடியும் வந்தது. இந்த முறை கடப்பாரையோடு நான்கு ஆட்களும் ஒரு டிராக்டரும் கூடவே வந்தன. ஆகாயத்திலிருந்து படம் எடுத்துக் கணக்குப் போட்டதில், வடகிழக்கு மூலை இங்கே இல்லையாம். இன்னும் மேற்கே, ராச்சண்ணாவின் நிலத்துக்குள் எங்கோ தள்ளி இருக்கிறதாம். வரப்பும் அப்படியே மேற்கே போக வேண்டும். கங்கி இருக்கும் இடம் இனிமேல் என் நிலம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராச்சண்ணாவின் முகத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப இது சர்வே கல்லு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு இல்லையா சாகேப்?" என்று கையைப் பிசைந்துகொண்டே கேட்டான். "நிலம் சித்தண்ணாவோடதாவே போகட்டும். கொஞ்சம் என்ன, எண்பதடிகூட எடுத்துக்கட்டும். கல்லை மட்டும் அங்கேயே விட்டுருங்க. உங்க மூலைக்கு வேற கல்லு நான் சுமந்துட்டு வர்றேன்."

ஈரணகௌடா தலையை ஆட்டினார். "நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா கல்லு சரியான கல்லுதான். இடம்தான் தப்பு."

"இடத்தைத் தப்புன்னு எழுதிக்கிட்டு கல்ல விட்டுட்டுப் போங்களேன்."

"இடத்துக்கு நம்பர் இல்லையேப்பா. நம்பர் கல்லுல இல்ல இருக்கு?"

நிங்கம்மா கல்லுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "இதை எடுத்துட்டா நாங்க வேற கல்லு வெச்சுக்கலாமா?"

"எல்லை இல்லாத இடத்துல கல்லு நட்டா அது பொய்க்கல்லும்மா. ஜெயில்."

"ஒரு செடி?"

"மரம், செடி எல்லாம் இயற்கைக் குறி. சட்டத்துல வருது."

"கொஞ்சம் மண்ணை மேடாக்கி..."

"அது எல்லைத் திட்டு."

"நான் வந்து உட்காரலாமா?"

ஈரணகௌடா யோசித்தார். விதியை மனதுக்குள் புரட்டினார் என்று நினைக்கிறேன். "எப்பவாவதா, தினமுமா?" என்று கேட்டார்.

ஆட்கள் கடப்பாரையை எடுத்தார்கள். ராச்சண்ணா ஓடிப்போய் முதல் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான்.

"நானே எடுத்துக் குடுக்கிறேன். நீங்க ஆழமா குத்திருவீங்க."

அவன் கையாலேயே சுற்றி மண்ணைத் தோண்டினான். காய்ந்த கரிசல் மண் சுலபத்தில் விடாது; நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டு, வாயிலிருந்து பல்லைப் பிடுங்குகிறவன் மாதிரி இல்லை, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிறவன் மாதிரி, அசைத்து அசைத்து எடுத்தான். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஈரணகௌடா மறுபடியும் செருப்பைக் கழற்றியிருந்தார். கல் போன பள்ளத்தை நிங்கம்மா மண் போட்டு மூடி, உள்ளங்கையால் தட்டினாள். பிறகு டிராக்டர் வந்து பழைய வரப்பை உடைத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியது.

அந்த இடத்தில் நான் ஏர் விடவில்லை. கட்டில் அளவுக்கு ஓர் இடத்தைச் சும்மா விட்டுவைத்தேன். எனக்கும் நோட்டீஸ் வந்தது. உழுத நிலத்துக்கு நடுவே வெறும் இடம் தெரிவது பழைய எல்லையைச் சுட்டும் குறியாகும். அதை நீக்காவிட்டால் இரண்டு நிலமும் தகராறு நிலம் என்று பதிவாகும். இருவரும் இந்த வருஷம் எதுவும் விதைக்க முடியாது. இதைப் படித்துக் காட்டியதும் ராச்சண்ணா நோட்டீசை வாங்கி மடித்தான்.

"சித்தண்ணா, உனக்கு வீட்டுல ஆறு வாய் இருக்கு" என்றான். "விதைச்சிரலாம்."

"என்னால ஆகாதுடா. என் கை வராது."

"நீ வேண்டாம். நான் விதைக்கிறேன். என் காலுன்னா அவளுக்குப் பழக்கம்."

மறுநாள் காலையில் என் நிலத்தில் வந்து அவனே விதைத்தான். நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. பெய்யாத வருஷமெல்லாம் பெய் பெய் என்று வேண்டிக்கொண்டவன்தான் நான். அந்த வருஷம் மட்டும் ஏன் பெய்தாய் என்று திட்டினேன். துவரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து மூலை முடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. பழைய வரப்பு எங்கே ஓடியது என்று பிறந்ததிலிருந்து அதில் நடந்த எனக்கே தெரியவில்லை.

எள்ளு அமாவாசை வந்தது. நிங்கம்மா வழக்கம்போலக் கடபும், சோள ரொட்டியும், எல்லாக் காயும் போட்ட பஜ்ஜிக் குழம்பும் செய்து கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். நிலத்துக்குப் படைத்தாகிவிட்டது. கங்கியின் பங்கை ஓர் இலையில் எடுத்துக்கொண்டு அவள் துவரைக்குள் நுழைந்தாள். கொஞ்ச தூரம் நேராகப் போனாள். நின்றாள். இடப்பக்கம் நகர்ந்தாள். குனிந்து செடியை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி ராச்சண்ணாவைப் பார்த்தாள்.

"இங்கதானே?"

"இன்னும் அந்தப் பக்கமோ?" என்றான் அவன்.

"நீதானே விதைச்ச?"

"கண்ணை மூடிக்கிட்டு விதைச்சேன் நிங்கி."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. இங்கேதான் என்று ஏதாவது ஓர் இடத்தைக் காட்டியிருக்கலாம், ஆனால் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் இலையைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் துவரைக்குள் இப்படியும் அப்படியுமாக அலைந்தாள்.

எங்களில் அன்று சாப்பாட்டுக்கு முன் சரகம் தெளிப்பது உண்டு. படைத்ததையெல்லாம் பிசைந்து ஒருவர் நிலம் முழுவதும் இறைத்துக்கொண்டே போக, பின்னால் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார். முன்னால் போகிறவர் "ஹுல்லுல்லிகோ" என்று கூவ, பின்னால் போகிறவர் "சல்லம்பிரிகோ" என்று பதில் கூவ வேண்டும். அவரவர் எல்லையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நிங்கம்மா கங்கியின் கடபை எடுத்து உதிர்த்தாள். பிசைந்த கூடையில் அதையும் போட்டுக் கலந்தாள்.

"அண்ணா, தண்ணிச் செம்பை எடுத்துக்க" என்றாள் என்னிடம்.

அவள் முன்னால் போனாள். ராச்சண்ணா அவளுக்குப் பக்கத்தில், நான் பின்னால். இறைத்துக்கொண்டே தங்கள் நிலத்தைச் சுற்றினாள், புது வரப்பைத் தாண்டினாள், என் நிலத்தைச் சுற்றினாள், பிறகும் நிற்கவில்லை. எனக்குக் கிழக்கே இருக்கிறவனுடைய நிலத்திலும் இறைத்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். ஹுல்லுல்லிகோ என்று கூவ வேண்டிய இடத்தில் அவள் அதைக் கூவவில்லை.

"கங்கீ, எங்க இருந்தாலும் எடுத்துக்கோ. எடுத்துக்கோம்மா" என்று கூவிக்கொண்டு போனாள். அதற்கு நான் என்ன பதில் கூவுவது? சல்லம்பிரிகோ என்றுதான் கூவினேன்.

திரும்பி வரும்போது புது மூலையில் நூற்றுப்பதினேழு மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது. நிங்கம்மா அதன் முன்னால் உட்கார்ந்தாள். கூடையின் அடியில் ஒரு முழுக் கடபு மிச்சமிருந்தது. அதைக் கல்லின் தலைமேல் வைத்தாள். விபூதியை எடுத்து நெற்றியில் வைப்பதுபோல மூன்று விரலால் இழுத்தாள்.

"நீதானே இத்தனை வருஷமா அவ தலைமாட்டுல இருந்த?" என்றாள் கல்லிடம். "உனக்குத் தெரியும். எங்கன்னு சொல்லேன்."

கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். கல் சர்க்கார் சொத்து. பிறகு ராச்சண்ணா அவளைக் கையைப் பிடித்து எழுப்பி வண்டிக்குப் போகச் சொன்னான். அவள் கொஞ்ச தூரம் போனதும் அவன் கல்லிடம் திரும்பி வந்து, கல்லின் மேலிருந்த கடபை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து அந்த விபூதியைத் துடைத்தான். ஒன்றின்மேல் துடைத்தான், அடுத்த ஒன்றின்மேல் துடைத்தான், ஏழின்மேல் துடைத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"சித்தண்ணா, நம்பர் நல்லாத் தெரியுதா பாரு" என்றான்.

"தெரியுதுடா" என்றேன்.